கையொப்பமும் ஏற்புறுதியும்

1997-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் இந்திய அரசு ஒரு பன்னாட்டு உடன்படிக்கையில் கையொப்பமிட்டது. சித்திரவதைக்கு எதிராக ஐக்கிய நாடுகள் அவை 1984-இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை அது. அரசின் ஊழியர் எவரும், எக்காரணத்தை முன்னிட்டும், தம் பிடியில் உள்ள மனிதரை வதைக்கலாகாது; வதைப்பதைத் தனிக் குற்றமாக்கித் தண்டிக்க வேண்டும்; வதைபட்டவருக்கு ஈடு செய்ய வேண்டும் என்பன அதன் சாரம். ஆனால் பன்னாட்டுச் சட்ட மரபில் கையொப்பம் என்பது விருப்பத்தின் அறிவிப்பு மட்டுமே. 'இதற்கு நான் கட்டுப்படுகிறேன்' என்று நாடு முறைப்படி உறுதி கூறும் இரண்டாம் செயல் ஒன்று உண்டு. அதனை ஏற்புறுதி என்பர். உலகில் 170-க்கும் மேற்பட்ட நாடுகள் இந்த உடன்படிக்கைக்கு உறுதி கூறிக் கட்டுப்பட்டுவிட்டன. கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் நம் நாடு அதைச் செய்யவில்லை.

நம் ஆலயங்களில் மணமக்களின் பெயரைச் சொல்லி மூன்று முறை ஓலை வாசிக்கிறோம். ஓலை வாசித்ததனாலேயே திருமணம் நிறைவேறிவிடுவதில்லை. மூன்று ஓலையும் வாசித்தான பின், மணமகன் பீடத்தின்முன் வராமல் ஆண்டுகளைக் கடத்தினால் ஊர் அவனைப் பற்றி என்ன நினைக்கும்? அவன் சொல்லை யார் நம்புவர்?

பன்னாட்டு மனித உரிமைச் சட்டம் என்றவுடன் கற்றோர் சிலர் இதழோரத்தில் புன்னகைப்பதைக் காண்கிறோம். படை இல்லாத சட்டம். சிறைக்கூடம் இல்லாத நீதி. ஜெனிவாவில் எழுதி நியூயார்க்கில் அடுக்கி வைக்கும் தாள். இதனால் ஏழைக்கு என்ன பயன் என்கிறார்கள். கேள்வி நேர்மையானதே. அதற்கு விடை தேட நாம் ஜெனிவாவுக்குப் போக வேண்டியதில்லை. முத்துக்குளித்துறையின் அண்மைக்கால வரலாறே போதும்.

துறைமுகத்தின் பெயர்

1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடித் துறைமுகம், 2011 முதல் வ.உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியவர் அவர். 1908-இல் அரச நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டு இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார்; மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டது; 1912-இல் விடுதலையானார். இடைப்பட்ட காலத்தில் கோயம்புத்தூர்ச் சிறையில், மாடு இழுக்க வேண்டிய செக்கை அவர் இழுத்தார். 'செக்கிழுத்த செம்மல்' என்று பெருமையோடு சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குள் ஒரு சித்திரவதை அடங்கியிருக்கிறது என்பதைப் பெருமையின் ஒலியில் மறந்துவிடுகிறோம்.

அவர் செக்கிழுத்த நாளில், அது தவறு என்று அந்த அரசைத் தட்டிக் கேட்கும் தகுதி படைத்த சட்டம் உலகில் எங்கும் இல்லை. போர்க்களத்தில் காயமுற்ற பகைநாட்டு வீரனுக்கு ஓரளவு பாதுகாப்பு அளித்த பன்னாட்டு விதிகள் அன்றும் இருந்தன. ஆனால் ஓர் அரசு தன் ஆளுகைக்குட்பட்ட மனிதனைத் தன் சிறைக்குள் எப்படி நடத்துகிறது என்பது அந்த அரசின் வீட்டு விவகாரம். அயலார் வாய் திறக்கக் கூடாது என்பதே அன்றைய நியதி.

இந்த நியதியை உடைத்ததே 1948-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் வெளிவந்த அனைத்துலக மனித உரிமைப் பேரறிக்கையின் முதற்பெரும் பணி. இரண்டாம் உலகப் போரின் சாம்பலிலிருந்து எழுந்த அந்த அறிக்கை, மனித மாண்பு எந்த அரசும் வழங்கிய பரிசு அன்று, ஆகவே எந்த அரசும் அதைத் திரும்பப் பெற இயலாது என்ற அடித்தளத்தில் நிற்கிறது. அதன் முதற் பிரிவில் ஆண்களை மட்டும் குறிப்பதாகப் பொருள்படக்கூடிய சொல் இருந்தபோது, மனிதர் அனைவரையும் குறிக்கும் சொல்லை இடச் செய்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா என்னும் பெண்மணி. மனித உரிமை மேலைநாட்டுச் சரக்கு என்போர் இதனை நினைவில் கொள்ள வேண்டும். திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் உலக அமைதி பற்றி 1963-இல் வெளியிட்ட சுற்றுமடலில் இப்பேரறிக்கையை வரவேற்றார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில், உடலையும் உள்ளத்தையும் வதைப்பதைக் கொலையோடும் அடிமைத்தனத்தோடும் ஒரே வரிசையில் வைத்துக் கண்டித்தது.

ஒரு தாயின் கடிதம்

அறிக்கைகள் இருக்கட்டும், ஏழையின் வீட்டுக்கு இவற்றால் என்ன வந்தது? ஒடிசாவில் 1987 டிசம்பரில் 22 வயது இளைஞன் ஒருவன் காவலர்களால் பிடித்துச் செல்லப்பட்டான். மறுநாள் அவன் உடல் இருப்புப்பாதை ஓரத்தில் கிடந்தது. உடலெங்கும் காயங்கள். தப்பியோடியபோது இரயிலில் அடிபட்டான் என்றது காவல் துறை. அவனுடைய தாய் நீலாபதி பெகரா 1988-இல் உச்சநீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். வழக்கறிஞர் வகுத்த மனு அன்று அது, வெறும் கடிதம். அதனையே வழக்காக ஏற்ற நீதிமன்றம் 1993-இல் அந்தத் தாய்க்கு ஒன்றரை இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

அத்தீர்ப்பு தன் வாதத்துக்குத் துணையாக எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று, குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவு. முறைகேடாகக் கைது செய்யப்பட்டவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு என்கிறது அது. அந்த உடன்படிக்கையை 1979-இல் நம் நாடு ஏற்றபோது, இழப்பீடு பற்றிய இவ்விதி எங்களைக் கட்டுப்படுத்தாது என்று விலக்குக் குறிப்பு எழுதியே ஏற்றது. அரசு வேண்டாமென்று ஒதுக்கியதை நீதிமன்றம் எடுத்து ஒரு தாயின் கையில் கொடுத்தது. 1996-இல் டி.கே. பாசு வழக்கில், அந்த விலக்குக் குறிப்பு தன் பொருளை இழந்துவிட்டது என்று உச்சநீதிமன்றம் கூறியே விட்டது.

அதே டி.கே. பாசு தீர்ப்பு, கைது செய்யும்போது பின்பற்ற வேண்டிய பதினொரு விதிகளை வகுத்தது. கைது செய்யும் காவலர் பெயர்ப்பட்டை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பில் சாட்சி ஒருவரும் கைதானவரும் கையொப்பமிட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ செய்தி போக வேண்டும். கைதானவர் கேட்டால் உடலிலுள்ள காயங்களைக் குறித்து அவரும் காவலரும் அதில் கையொப்பமிட வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்க வேண்டும். ஆவணங்களின் படிகள் நடுவருக்குச் செல்ல வேண்டும்.

பன்னாட்டுச் சட்டம் இவ்வாறுதான் பயணம் செய்கிறது. அது படையோடு வருவதில்லை. நீதிபதியின் மேசை வழியாக, சிற்றூர்க் காவல் நிலையத்தின் படிவத்துக்குள் வந்து சேர்கிறது. உடன்படிக்கை எழுதியவர்கள் கேள்விப்பட்டே இராத ஓர் ஊரில், ஒரு தாளின் அடியில், யாரோ ஒருவர் கையொப்பமிட வேண்டிய வெற்றிடமாக அது நிற்கிறது. அதன் வலிமையும் அங்கேதான். அதன் நலிவும் அங்கேதான்.

சாத்தான்குளத்துக் கையொப்பங்கள்

தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், 2020-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் மாலை, கைப்பேசிக் கடை நடத்திவந்த பென்னிக்சும் அவர் தந்தை ஜெயராஜும் காவல் நிலையத்துக்குள் சென்றனர். கொரோனா ஊரடங்கில் அனுமதிக்கப்பட்ட நேரத்தைக் கடந்து கடையைத் திறந்து வைத்திருந்தனர் என்பது அவர்கள்மேல் சொல்லப்பட்ட குற்றம். மறுநாள் அரசு மருத்துவமனையில் அவர்கள் சிறைக்கு அனுப்பத் தகுந்த உடல்நிலையில் உள்ளனர் என்று சான்று பெறப்பட்டது. நடுவரிடம் சிறைக்காவல் ஆணை பெறப்பட்டது. கோவில்பட்டிக் கிளைச்சிறை அவர்களைத் தன் பதிவேட்டில் ஏற்றுக்கொண்டது. 22-ஆம் நாள் இரவு மகன் இறந்தார். 23-ஆம் நாள் விடியற்காலையில் தந்தை இறந்தார்.

மருத்துவச் சான்று இருந்தது. நீதிமன்ற ஆணை இருந்தது. சிறைப் பதிவேடு இருந்தது. வதையைத் தடுப்பதற்கென்றே அமைந்த வாயில்கள் இவை. ஒவ்வொரு வாயிலிலும் ஒரு தாள், ஒவ்வொரு தாளிலும் ஒரு கையொப்பம். அத்தனை கையொப்பங்களையும் கடந்து இரு மனிதர்கள் சாவை நோக்கிச் சென்றனர். பன்னாட்டுச் சட்டத்தின் இன்றைய அறைகூவல் எது என்று கேட்டால், நான் இதனையே காட்டுவேன். சட்டம் எழுதப்படாமல் போனது அன்று நிகழ்ந்த கேடு அன்று. சட்டத்தின் சொல் உயிரற்ற சடங்காகிப் போனதே கேடு.

ஆயினும் அந்த நிகழ்ச்சியில் வேறொரு கையொப்பமும் உண்டு. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அதன் ஆணைப்படி கோவில்பட்டி நீதித்துறை நடுவர் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு நேரில் சென்று விசாரித்தார். கண்காணிப்புக் கேமராவின் பதிவுகள் நாள்தோறும் தாமாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை அவர் கண்டார். காவலர் சிலர் ஒத்துழைக்க மறுத்தனர், அவமதிக்கவும் செய்தனர். ஒரு காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் பொறுப்பில் வைக்க வேண்டிய நிலை வந்தது. அந்தச் சூழலில், அங்கே பணிபுரிந்த ஒரு பெண் தலைமைக் காவலர், தந்தையும் மகனும் இரவெல்லாம் அடிக்கப்பட்டதையும், லத்திகளிலும் மேசையிலும் குருதிக் கறை இருந்ததையும் நடுவரிடம் கூறினார். கூறியதை எழுதிக் கையொப்பம் கேட்டபோது அவர் அஞ்சினார். பாதுகாப்புக்கு உறுதி அளித்த பின்னரே கையொப்பமிட்டார்.

பத்துக் காவலர்கள் கைதாயினர். மத்தியப் புலனாய்வுத் துறை அவ்வாண்டு செப்டம்பரில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அந்த வழக்கின் திசையை மாற்றியவற்றுள் அப்பெண்மணியின் கையொப்பத்துக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை யாரும் மறுக்க இயலாது. மற்றவர்கள் கையொப்பமிட்டபோது இழக்க எதுவும் இல்லை. அவர் இட்டபோது எல்லாவற்றையும் இழக்க நேரும் என்று அறிந்தே இட்டார். கையொப்பம் ஏற்புறுதியாக மாறும் இடம் இதுவே.

வீட்டு விவகாரமா?

அரசு ஏன் இன்னும் உறுதி கூறவில்லை? சித்திரவதைத் தடுப்பு மசோதா ஒன்றை மக்களவை 2010 மே மாதம் நிறைவேற்றியது. மாநிலங்களவை அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. 2014-இல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் மடிந்தது. 2017-இல் சட்ட ஆணையம் தன் 273-ஆம் அறிக்கையில், உடன்படிக்கைக்கு ஏற்புறுதி அளிக்குமாறு பரிந்துரைத்து, சட்ட வரைவையும் இணைத்துக் கொடுத்தது. வரைவு வரைவாகவே நிற்கிறது. இதனால் நாட்டுக்கே இழப்பு உண்டு. பூருலியாவில் 1995-இல் வானிலிருந்து ஆயுதங்களைப் போட்ட வழக்கில் தேடப்பட்டவரை இந்தியாவுக்கு அனுப்ப 2011-இல் டென்மார்க் உயர்நீதிமன்றம் மறுத்தது. இந்தியாவில் அவர் வதைக்கப்படக்கூடும் என்பது அது கூறிய காரணம்.

பன்னாட்டு அமைப்புகளுக்குக் குரல் உண்டு, கை இல்லை என்பதும் உண்மைதான். தூத்துக்குடியில் 2018 மே 22-ஆம் நாள் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது காவல் துறை துப்பாக்கியால் சுட்டு உயிர்கள் பறிபோயின. அம்மாத முடிவிலேயே ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை வல்லுநர்கள் கண்டனம் தெரிவித்தனர். நம் தேசிய மனித உரிமை ஆணையமோ, தானாக முன்வந்து எடுத்த வழக்கை அவ்வாண்டு அக்டோபரிலேயே முடித்துக்கொண்டது. தொலைவில் இருந்தவர்களுக்குக் கேட்டது அருகில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை.

எங்கள் அரசியல் சட்டமும் நீதிமன்றங்களும் இருக்கும்போது அயலார் கண்காணிப்பு எதற்கு என்பது அரசுகள் வழக்கமாகச் சொல்லும் விடை. அதில் ஓரளவு நியாயம் உண்டு. பிறர் குற்றத்தை மட்டும் பார்க்கும் வல்லரசுகளின் போலித்தனத்தை நாம் அறியாதவர்கள் அல்லர். ஆனால் அடிப்படையான ஓர் உண்மையை இவ்விடை மறைக்கிறது. தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்க எவருக்கும் தகுதியில்லை. அரசனுக்கும் இல்லை, அரசுக்கும் இல்லை, திருச்சபைக்கும் இல்லை.

கோவலன் கதையை நினைத்துப் பாருங்கள். கொற்கை முத்துக்குப் புகழ்பெற்ற பாண்டியன், ஒரு பொற்கொல்லனின் சொல்லைக் கேட்டு, விசாரியாமல் ஒரு வார்த்தை சொன்னான். அந்த வார்த்தை ஒரு கையொப்பம் போன்றது. ஓர் உயிர் போயிற்று. அவனைத் திருத்த அரண்மனைக்குள் ஒருவரும் இல்லை. வெளியிலிருந்து, வேற்று நாட்டிலிருந்து வந்த ஒரு பெண் வாயிலில் நின்று கேட்க வேண்டியிருந்தது. 'இது எங்கள் நாட்டு விவகாரம், சோழநாட்டுப் பெண்ணுக்கு இங்கென்ன வேலை?' என்று பாண்டியன் கேட்கவில்லை. அவள் சிலம்பை உடைத்தாள்; முத்துக்கு மாறாக மாணிக்கம் தெறித்தது; பாண்டியன் தன் தீர்ப்பைத் தானே ஏற்று வீழ்ந்தான். அவன் பிழை செய்தவனாயினும் இன்றளவும் நாம் அவனை மதிப்பது இதற்காகவே.

நம் கரையின் வரலாறும் இதையே சொல்கிறது. 1539-இல் ஸ்பெயினின் சலமாங்காவில் பிரான்சிஸ்கோ தெ விட்டோரியா என்னும் தொமினிக்கன் துறவி, அமெரிக்கப் பழங்குடியினர் கிறிஸ்தவர் அல்லராயினும் தம் நிலத்துக்கு அவர்களே உடைமையாளர். பேரரசனாலும் திருத்தந்தையாலும் அதைப் பறிக்க இயலாது என்று விரிவுரை ஆற்றினார். அவர் வாதத்தில் அரசர்களுக்குச் சாதகமான இடைவெளிகளும் இருந்தன. ஆயினும் பன்னாட்டுச் சட்டத்தின் வித்துகளுள் ஒன்று அது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1542-இல், சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1544-இல் அவர் தம் தோழர் மான்சிலாசுக்கு எழுதிய மடல்களில், இம்மக்களைக் காக்க வேண்டிய போர்த்துக்கீசிய அதிகாரிகளே இழைத்த அநீதிகளைக் கண்டித்திருக்கிறார். அதிகாரியும் கிறிஸ்தவன், அநீதிக்கு ஆளானவனும் கிறிஸ்தவன், ஒரே மறை இருவரையும் இணைத்தும், அதிகாரியைக் கட்டுப்படுத்த வெளியிலிருந்து ஒரு சட்டம் இல்லாதபோது அந்த மறை மட்டும் போதவில்லை.

திருச்சபையின் வரலாறும் வேறன்று. அடித்து உண்மையை வரவழைப்பது இறைச்சட்டத்துக்கும் மனிதச் சட்டத்துக்கும் புறம்பானது என்று திருத்தந்தை முதலாம் நிக்கொலாஸ் 866-இல் பல்கேரிய மக்களுக்கு எழுதினார். 1252-இலோ திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட் திரிபுக் கொள்கையினரை விசாரிக்க வதையை அனுமதித்தார். அறிந்திருந்த உண்மையை அதிகாரம் வந்தபோது மறந்தோம். 2002-இல் திருப்பீடம் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இணைந்து, வெளியார் கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டது. இதனால் அதன் மாட்சி குறைந்ததாக யாரும் சொல்லவில்லை.

குற்றவாளிக்கு என்ன உரிமை?

அரசின்மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிட முடியுமா? சாத்தான்குளத்துச் செய்தியைக் கேட்டு நாடு அழுதது, கடைகள் அடைக்கப்பட்டன, ஆலயங்களில் மெழுகுதிரிகள் எரிந்தன. அவர்கள் உழைத்துப் பிழைத்த வணிகர்கள் என்பதால் நாம் அழுதோம். அவர்கள் வழிப்பறிக்காரர்களாக இருந்திருந்தால்? சங்கிலி பறித்தவன் கையில் மாவுக்கட்டோடு படத்தில் நிற்கும்போது, 'நல்லா வேணும்' என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டுபவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! மோதல் சாவுச் செய்தியைக் கேட்டுக் கைதட்டுபவர்கள் எத்தனை பேர்!

இந்தக் கைதட்டலுக்குப் பின்னால் உண்மையான வேதனை உண்டு என்பதை மறுக்கவில்லை. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன. தாலியைப் பறிகொடுத்த பெண்ணுக்கு நீதிமன்றத்தின் தாமதம் இரண்டாவது கொள்ளை. ஆயினும் அடி நீதியை விரைவுபடுத்துவதில்லை. அடிபட்டவன் உண்மையைச் சொல்வதில்லை. அடிப்பவன் கேட்க விரும்புவதைச் சொல்கிறான். செய்யாதவன் ஒப்புக்கொள்ள, செய்தவன் வெளியே திரிகிறான். காவலரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் குற்றத்துக்குச் சான்றாகாது என்று 1872-இலேயே ஆங்கில ஆட்சி சட்டம் செய்தது. தன் காவலரைத் தானே அது நன்கு அறிந்திருந்தது.

ஆனால் 'பயனில்லை' என்பது மட்டும் நம் விடையாக இருக்க முடியாது. பயன் இருந்தாலும் கூடாது என்பதே உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு. போர், அவசர நிலை, மேலதிகாரியின் ஆணை, எதுவும் வதையை நியாயப்படுத்தாது என்கிறது அது. ஏன் இத்தனை கடுமை? மனித மாண்பு நன்னடத்தைக்குக் கிடைக்கும் சான்றிதழ் அன்று என்பதால். தொடக்கநூலில் காயின் தன் தம்பியைக் கொன்றான். ஐயத்துக்கு இடமில்லாத குற்றவாளி. இறைவன் அவனைத் தண்டித்தார், நாடோடியாக்கினார். ஆனால் கண்டவர் எவரும் அவனைக் கொன்றுவிடாதபடி அவன்மேல் ஓர் அடையாளம் இட்டார். தண்டனை உண்டு, வேட்டை இல்லை. குற்றவாளியின் உரிமை பற்றிய போதனை விவிலியத்தின் நான்காம் அதிகாரத்திலேயே தொடங்கிவிடுகிறது.

செவ்வாயும் வெள்ளியும் நாம் துயர மறையுண்மைகளைச் சொல்லிச் செபிக்கிறோம். கற்றூணில் கட்டுண்டு அடிபட்டவர் குற்றமற்றவர் என்பதால் கண்ணீர் விடுகிறோம். அவருக்கு இருபுறமும் அறையுண்டவர்கள் குற்றவாளிகள். அவர்கள் உடலும் அதே ஆணிகளால்தான் துளைக்கப்பட்டது. அவர்களுள் ஒருவனுக்குத்தான் பேரின்ப வீட்டின் வாக்குறுதி கிடைத்தது. இதனைத் தியானித்துவிட்டு, காவல் நிலையத்திலிருந்து வரும் அலறலுக்கு 'அவன் திருடன்தானே' என்று விடை சொல்வது நமக்குப் பொருந்துமா?

ஏற்புறுதி யாருடையது?

ஆகவே ஏற்புறுதி இரண்டு இடங்களில் நிகழ வேண்டியிருக்கிறது. ஒன்று அரசின் அவையில். வாக்குக் கேட்டு வருவோரிடம் சாலையும் குடிநீரும் கேட்கும் நாம், 1997-இல் இட்ட கையொப்பம் என்னவாயிற்று என்றும் கேட்கலாம். மற்றொன்று நம் உள்ளத்தில். அதற்கு மன்றத்தின் வாக்கெடுப்புத் தேவையில்லை. அன்பியக் கூட்டங்களில் ஒரு மாலை டி.கே. பாசு தீர்ப்பின் பதினொரு விதிகளை வாசித்துப் பேசலாம். நள்ளிரவில் ஒரு வீட்டுப் பிள்ளையைக் கூட்டிச் சென்றால் அந்தக் குடும்பம் என்ன கேட்க வேண்டும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இலவச உதவி எப்படிப் பெற வேண்டும் என்று நம் இளைஞர் அறிந்திருக்கச் செய்யலாம். நம் குடும்பங்களிலிருந்து காவல் பணிக்கும் மருத்துவப் பணிக்கும் நீதிப் பணிக்கும் செல்லும் பிள்ளைகளுக்கு, கையொப்பமிடும்முன் எதிரே நிற்பவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கச் சொல்லிக் கொடுக்கலாம்.

படையில்லாத சட்டம் என்று அதனை எள்ளுவோருக்கு நாம் கூறும் விடை இதுதான். அதற்குப் படை இல்லை என்பது உண்மை. அதற்கு ஆட்கள் தேவை. சாத்தான்குளத்தில் ஒரு பெண் காவலர் அஞ்சியபடியே அந்த ஆளாக நின்றார். அடுத்த முறை, உள்ளே அடிபடுபவன் உண்மையிலேயே திருடனாக இருக்கும்போது, யார் நிற்பார் என்பதே நம்முன் உள்ள கேள்வி.